ஊருக்கு முதுகு காட்டி நிற்கும் ஆஸ்பத்திரி

கில்பர்ட் ரெட்பாத்தைப் பற்றிப் போன மாதம் பத்திரிகையில் ஒரு புண்ணியவான் அரைப்பக்கம் எழுதியிருந்தார். "பிறவி மேதை" என்று ஆரம்பிக்கிறார். படித்ததும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பிறவி மேதையாம்! கப்பலை விட்டு இறங்கிய அன்றைக்கு, என் வீட்டுக் கூரையின் கோணலை அண்ணாந்து பார்த்துக் குறை சொல்லிக்கொண்டே வந்து, வாசற்படியில் தடுக்கிக் குப்புற விழுந்தவன் அவன். தூக்கி நிறுத்தியவள் நான். பத்து மாதம் காலையில் அவனுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊற்றியவளும் நான்தான். ஆகவே அவன் கதையை நான் சொல்வதுதான் நியாயம்.

என் பெயர் கிரிசல் டெனன்ட். போர்ட் லாமண்ட் துறைமுகத் தெருவில் ஏழு அறைகள் வைத்துத் தங்கும் விடுதி நடத்தியவள். என் கணவர் தச்சர். அவர் போன பிறகு விடுதிதான் எனக்குச் சாப்பாடு. ஊரில் அப்போது ஆயிரத்து இருநூறு பேர் இருப்போம். மேயரிலிருந்து மீன்காரி வரை எல்லோரும் ஸ்காட்லாந்தில் கப்பல் ஏறி, நியூசிலாந்தின் தென்கோடியில் வந்து இறங்கியவர்கள்.

"இந்த வீட்டைக் கட்டினது யாரும்மா?" என்று கேட்டான் கில்பர்ட், மூக்கில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

"என் வீட்டுக்காரர். செத்துப் போயிட்டார்."

"அடடா. அப்ப ஒண்ணும் சொல்லக் கூடாது."

"அதான் சொல்லிட்டுத்தானே விழுந்தே? உள்ள வா, மூக்குக்கு ஈரத்துணி தர்றேன்."

அது 1867 செப்டம்பர். அவனுக்கு இருபத்தெட்டு வயது. ஸ்காட்லாந்தில் கூப்பர் என்ற ஊரில் கல்தச்சரின் மகன். எடின்பரோவில் ஒரு பெரிய கட்டடக் கலைஞரிடம் ஏழு வருஷம் குனிந்து உட்கார்ந்து படம் வரைந்திருக்கிறான். "அடுத்தவன் பேருக்கு ஜன்னல் வரைஞ்சு வரைஞ்சு என் விரலே தேஞ்சு போச்சு, டெனன்ட் அம்மா. இங்க என் பேருக்கு வரையப் போறேன்" என்பான். பேச்சில் சந்தேகம் என்பதே கிடையாது. கஞ்சியில் உப்பு போதாது என்பதைக்கூட ஒரு தீர்ப்பு மாதிரிதான் சொல்லுவான். அதற்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று. என் வாய்க்கு எதிர்வாய் பேச அதுவரைக்கும் அந்த வீட்டில் ஆள் இல்லை.

அவன் மனைவி எஃபியும் மூன்று வயதுப் பெண்குழந்தையும் கூப்பரிலேயே இருந்தார்கள். வேலை ஒன்று கிடைத்ததும் வரச்சொல்லி எழுதுவதாக ஏற்பாடு.

வேலை நவம்பரில் கிடைத்தது. ஊருக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்ட மேயர் லாக்லன் டனட் தலைமையில் ஒன்பது பேர் கமிட்டி போட்டிருந்தார்கள். நல்ல படத்துக்குத்தான் வேலை என்று அறிவித்தார்கள். மூன்று பேர் படம் கொடுத்தார்கள். கில்பர்ட்டின் படத்தை விரித்ததும் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் "ஆஹா" என்றார்கள். தேநீர் கொண்டு போன நான் என் காதால் கேட்டேன். நீளமான ஒரே வார்டு, பன்னிரண்டு கட்டில், ஆளுயர ஜன்னல்கள், கட்டிலோடு நோயாளியை வெளியே தள்ளிக்கொண்டு போய் வெயிலில் வைக்கக் கல்தூண் வைத்த வராந்தா. அதன் அடியில் அழகான எழுத்தில் எழுதியிருந்தான்: "தெற்கு முகப்பு. நோயாளிகள் வெயில் காய."

"துறைமுகத்தைப் பாத்தபடி நிக்குதுய்யா!" என்று மேயர் தொடையைத் தட்டினார். கம்பளிக் கிடங்கு வைத்திருந்த கனத்த மனிதர், தொடை தட்டினால் மேஜை ஆடும். "கப்பல்ல வர்றவன் எவனா இருந்தாலும் முதல்ல இதைத்தான் பாப்பான். என்ன ஊருடா இதுன்னு வாயைப் பொளப்பான்!"

அன்று இரவே கில்பர்ட் எஃபிக்குக் கடிதம் எழுதினான். வந்துவிடு, கையில் கட்டடம் இருக்கிறது என்று.

மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். பாதிரியார் ஒரு மணி நேரம் ஜெபம் செய்தார். குழல் வாத்தியம் ஊதினார்கள், விஸ்கி ஓடியது. அடிக்கல்லில் மேயர் பெயரும் கில்பர்ட் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வெட்டியிருந்தன. தெற்கு மூலையில், துறைமுகத்தைப் பார்த்தபடி பதித்தார்கள். கில்பர்ட் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. நானும் கொஞ்சம் அழுதேன். விஸ்கியாகவும் இருக்கலாம்.

வேலையை நடத்திய மேஸ்திரி டூகல் பெய்ன். அவரும் என் விடுதிக்காரர்தான், கடைசி அறை. கையில் வேலை சுத்தம், வாயில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. வடக்குப் பின்சுவரை முதலில் எழுப்பினார்கள். ஜூன் தொடங்கும்போது அது பன்னிரண்டு அடிக்கு வந்துவிட்டது. முன்பக்கம் ஜன்னல் மட்டத்துக்கு நின்றது.

ஜூன் என்றால் எங்களுக்கு நடுக்குளிர்காலம். ஒரு புதன்கிழமை டூகல் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆட்டுக்கறி சூப்பைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு நானே ஆஸ்பத்திரி கட்டுகிற மேட்டில் ஏறினேன். நடுப்பகல், வானத்தில் ஒரு மேகம் இல்லை, நல்ல வெயில். மேடேறி வந்ததில் முதுகெல்லாம் வியர்த்திருந்தது.

கட்டடத்துக்குள் காலை வைத்ததும் சறுக்கினேன். வார்டு வரப்போகிற தரை முழுக்க உறைபனி. காலையில் விழுந்தது, பகல் பன்னிரண்டு மணிக்கும் கல்லுப்பு கொட்டினாற்போல அப்படியே வெள்ளையாக இருந்தது. வெளியே எங்குமே பனி இல்லை. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தேன். புல் காய்ந்திருந்தது. சுவரில் கை வைத்தால் வெதுவெதுவென்று இருந்தது. அந்தப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டத்தின் ஓரத்தில் பன்றிகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினைந்து வருஷமாக இந்த ஊரில் நான் துணி காயப் போடுவது வடக்கு முற்றத்தில். தெற்கு முற்றத்தில் போட்டால் மூன்று நாளானாலும் காயாது. அது என் கைக்குத் தெரியும். ஆனால் மண்டைக்குள், மற்ற எல்லோரையும் போல எனக்கும், தெற்கு என்றால் வெயில், வடக்கு என்றால் குளிர். பிறந்த ஊரில் சூரியன் தெற்கே சாய்ந்துதானே போகும்! இங்கே அது வடக்கே சாய்ந்து போகிறது.

டூகல் கல் மேல் உட்கார்ந்து சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"டூகல், வெயில் எந்தப் பக்கம் அடிக்குது?"

"வடக்கே."

"ஜன்னல் எந்தப் பக்கம்?"

"தெற்கே."

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடிச்ச அன்னைக்கே."

எனக்குத் தலையில் நெருப்பு வைத்ததுபோல் ஆயிற்று. "அட பாவி மனுஷா! மூணு மாசமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

டூகல் சூப்பை வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "படத்துல தெற்குன்னு போட்டிருந்துச்சு, தெற்குல கட்டினேன். படம் போடுறது அவர் வேலை, கட்டுறது என் வேலை. எங்கப்பனும் அப்படித்தான், அவங்கப்பனும் அப்படித்தான். கல்தச்சன் படத்துல கை வைக்க மாட்டான்." அந்த வாரம் முழுவதற்குமான பேச்சை அவர் அத்தோடு முடித்துக்கொண்டார். இதில் அவருக்குப் பெருமை வேறு!

சாயங்காலம் வரை பொறுக்கவில்லை. கில்பர்ட் நாலு மணிக்கு வந்து தேநீர்க் கோப்பையைத் தொடுவதற்குள் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான்.

"டெனன்ட் அம்மா, நீங்க சமையலைப் பாருங்க. சூரியனை நான் பாத்துக்கறேன்."

"ஓஹோ. வா இங்கே."

கையைப் பிடித்துப் பின் முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். கொடியில் அவனுடைய சட்டைகளே தொங்கிக்கொண்டிருந்தன. "உன் சட்டை எங்கே காயுது? இங்கேதானே? இது எந்தத் திசை, சொல்லு. பையில திசைகாட்டி வச்சிருக்கியே, எடுத்துப் பாரு!"

இன்னும் சிரித்துக்கொண்டேதான் எடுத்தான். திசைகாட்டியைப் பார்த்தான். மேலே பார்த்தான். மறுபடி திசைகாட்டியைப் பார்த்தான். சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது.

"ஒன்பது மாசமா இங்க இருக்கேன்" என்றான் மெதுவாக. "ஒன்பது மாசம்!"

"நான் பதினஞ்சு வருஷமா இருக்கேன். நானும்தான் கவனிக்கல."

"நீங்க வரையலியே, அம்மா."



தொப்பிகூட இல்லாமல் மேட்டுக்கு ஓடினான். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான். எதிரே டூகல். நான் தட்டு வைத்தேன், அவன் தொடவில்லை. விஷயம் எவ்வளவு மோசம் என்று அப்போதுதான் விளக்கினான். கமிட்டிக்கு அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தத்தில், படத்தில் பெரிய பிழை இருந்தால் அவனை நீக்கிவிட்டு வேறு ஆளை வைக்கலாம் என்று இருந்தது. இந்த ஊரில் நீக்கினால் பக்கத்து ஊரில் யார் எடுப்பார்கள்? எஃபியும் குழந்தையும் ஏப்ரலிலேயே கப்பல் ஏறிவிட்டார்கள். இன்னும் ஒரு மாதத்தில் வந்து இறங்குவார்கள். அவன் கையில் இருந்த ஒரே வேலை இதுதான்.

டூகல் உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டே சொன்னார்: "சும்மா இருந்தா யாருக்கும் தெரியாது. கட்டி முடிச்சுடலாம்."

"யாருக்கும் தெரியாதா?" என்றேன் நான். "படுத்திருக்கறவனுக்குத் தெரியாதா? நெஞ்சுச் சளியோட குளிர்ல நடுங்கிட்டு, வெயில் வரும் வெயில் வரும்னு அந்த ஜன்னலையே பாத்துட்டுக் கிடப்பானே, அவனுக்குத் தெரியாதா? நல்லா இருக்குய்யா உங்க தொழில்!" கரண்டியை மேஜையில் அடித்ததில் அது வளைந்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் கரண்டி வளைந்துதான் இருக்கிறது.

கில்பர்ட் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. படத்தை எடுத்து விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். அது மெழுகு பூசிய மெல்லிய துணி, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அப்படியே கீழ்மேலாகப் புரட்டிப் பின்பக்கத்திலிருந்து பார்த்தான். தெற்கே இருந்த ஜன்னல்கள் எல்லாம் வடக்கே வந்துவிட்டன. வராந்தா வடக்கே. சமையலறையும் கரி அறையும் தெற்கே.

"டூகல், அஸ்திவாரம் ரெண்டு பக்கமும் ஒரே அளவுதானே?"

"ஒரே அளவு."

"பின்சுவரைப் பிரிச்சு, முன்பக்கக் கல்லை அங்க கொண்டு போக எத்தனை வாரம்?"

டூகல் மென்று முடித்தார். "ஆறு."

"முடியுமா?"

"படத்துல போட்டுக் குடுங்க. கட்டறேன்."

கில்பர்ட் அதன் பிறகுதான் கரண்டியைத் தேடினான். வளைந்த கரண்டியாலேயே சாப்பிட்டான். "வெள்ளிக்கிழமை கமிட்டியில சொல்லிடறேன், அம்மா. நானே சொல்றேன். நீங்க முந்திக்கக் கூடாது." நான் எதற்கு முந்திக்கொள்ளப் போகிறேன்? அந்த நிமிஷம் அவன் மேல் எனக்கு வந்த மரியாதை அதற்கு முன்னால் வந்ததில்லை.

கமிட்டியில் பெண்களுக்கு இடமில்லை, கெட்டிலோடு நிற்கலாம். நின்றேன். கில்பர்ட் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கஞ்சிக்கு உப்பில்லை என்று சொல்கிற அதே குரலில் சொன்னான்:

"நான் போட்ட படம் தப்பு. வெயில் வர்ற பக்கம் சுவரை வச்சிருக்கேன். பனி வர்ற பக்கம் ஜன்னலை வச்சிருக்கேன். அதைப் புரட்டிப் போடணும். முகப்பு வடக்கே வரணும்."

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"என்னய்யா உளர்றே?" என்று மேயர் எழுந்தார். "தெற்குன்னா வெயில். எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான்!"

"உங்கப்பா அபர்டீன்ல இருந்தார், மேயர் ஐயா. நாம உலகத்தோட அடிப்பக்கத்துக்கு வந்துட்டோம்."

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்ப்பா, இவ்வளவு மாசம் நீ சூரியனையே பாக்கலியா?"

"பாத்தேன், பாதர். ஆனா வரைய உக்காந்தா என் கை எடின்பரோவுக்குப் போயிடுது. அங்க எப்படி வரைஞ்சேனோ அப்படியே வரைஞ்சுட்டேன். குத்தம் என்னோடதுதான்."

"நீங்க ஒன்பது பேரும் அதைப் பாத்து ஆஹான்னு சொன்னீங்களே, அது யாரோட குத்தம்?" என்று கேட்டது நான்தான். கெட்டிலைப் பிடித்திருந்த கை சுட்டுக்கொண்டிருந்தது, வாயை அடக்க முடியவில்லை.

"டெனன்ட் அம்மா, தேநீரை ஊத்துங்க, போதும்" என்றார் மேயர். அவருக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை, துறைமுகம்தான் பொருட்டு. "முகப்பை உருளைக்கிழங்குத் தோட்டத்துப் பக்கம் வச்சா, கப்பல்லேருந்து பாக்கறவனுக்கு என்ன தெரியும்? கரி அறை! நம்ம ஊருக்கே பின்பக்கத்தைக் காட்டச் சொல்றியா? நோயாளிங்க பன்னியைப் பாத்துட்டுப் படுத்திருக்கணுமா?"

"பன்னி எங்க படுத்திருக்குன்னு பாத்தீங்களா, ஐயா?" என்றான் கில்பர்ட். "நல்ல வெயில்ல. அதுக்கு நம்ம எல்லாரையும் விட முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

இரண்டு பேர் சிரித்தார்கள், மேயர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மூன்று மணிக்குக் கட்டடத்திலேயே கூடுவது, படத்தை மாற்றுவதா ஆளை மாற்றுவதா என்று அங்கேயே கை தூக்குவது என்று முடிவாயிற்று. வெளியே வரும்போது எண்ணிப் பார்த்தேன். ஆளை மாற்ற ஐந்து பேர் இருந்தார்கள்.

"அஞ்சுக்கு நாலு" என்றான் கில்பர்ட். "எஃபிகிட்ட என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். இன்னும் மூணு நாள் இருக்கு" என்றேன். சொல்லும்போதே எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

எங்கள் ஊரில் திங்கட்கிழமை துவைக்கிற நாள். ராஜா வந்தாலும் ராணி வந்தாலும் திங்கட்கிழமை துவைத்தே ஆகவேண்டும், அன்றைக்குத் துவைக்காதவளை அக்கம்பக்கம் ஒரு மாதிரி பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வாசலில் நின்றபடி, மேயரின் மனைவி ஜீன் டனட்டிலிருந்து மீன்காரி வரை, பதினேழு பெண்களிடம் ஒரே வார்த்தை சொன்னேன்: "நாளைக்குத் துணியை மேட்டுல காயப் போடலாம் வாங்க." ஏன் என்று கேட்டவர்களுக்கு விளக்கினேன். ஜீன் டனட் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மேட்டில் கம்பு நட்டுக் கயிறு கட்டினோம். டூகல் ஒரு வார்த்தை பேசாமல் சுத்தியல் கொடுத்தார். பின்சுவருக்கு வடக்கே ஒரு கொடி, தெற்கே வார்டு வரவேண்டிய இடத்தில் ஒரு கொடி. ஒவ்வொரு பெண்ணும் தன் துணியில் பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் போட்டாள். வானம் சுத்தமாக இருந்தது. கடவுள் எங்கள் கட்சி என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று மணிக்குக் கமிட்டி மேடேறி வந்தது. பின்னாலேயே பாதி ஊர். வடக்குக் கொடியில் சட்டைகளும் போர்வைகளும் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. பாதிரியார் ஒரு தலையணை உறையைத் தொட்டுப் பார்த்து, "காஞ்சிருச்சே!" என்றார். பிறகு சுவரைச் சுற்றித் தெற்கே வந்தார்கள்.

தெற்கே ஒன்றும் ஆடவில்லை. காலையில் எப்படிப் போட்டோமோ அப்படியே பலகை மாதிரி விறைத்து நின்றன. நட்டநடுவில், துறைமுகத்துக்கு நேர் எதிரே, பெரியதொரு சிவப்புக் கம்பளி உள்கால்சட்டை இரண்டு காலையும் விரித்துக்கொண்டு நின்றது. ஊரிலேயே அந்த அளவு ஒருவருக்குத்தான்.

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. கீழே நங்கூரம் போட்டிருந்த கப்பலிலிருந்துகூட யாரோ சீட்டி அடித்தார்கள்.

"ஜீன்!" என்று கத்தினார் மேயர். "இது என்ன வேலை?"

"கப்பல்ல வர்றவங்க முதல்ல பாக்கணும்னு சொன்னீங்களே" என்றாள் ஜீன் டனட், அமைதியாக. "பாக்கட்டும்னு போட்டேன்." கொடியிலிருந்து அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அது மடங்கவில்லை. "நாளைக்கு நெஞ்சு வலின்னு இங்க வந்து படுக்கப் போறது நீங்கதான். இந்தக் கால்சட்டை மாதிரி விறைச்சுக் கிடக்கணுமா, இல்லே அந்தப் பக்கம் காயணுமா? நல்லா யோசிச்சுக் கையைத் தூக்குங்க."

மேயர் அந்தக் கால்சட்டையைப் பிடித்தபடி நின்றார். கழுத்து வரை சிவந்திருந்தது. பிறகு, என்ன சொன்னாலும் பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான், அவருடைய வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ரெட்பாத், புரட்டுய்யா உன் படத்தை!" என்றார். ஏழு கைகள் மேலே போயின. வீம்புக்கு இரண்டு பேர் தூக்கவில்லை, அவர்கள் பெயரை நான் சொல்லப் போவதில்லை.

கில்பர்ட் முன்பக்கக் குட்டைச்சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "டெனன்ட் அம்மா, ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ உன் வாயால சொன்னே. மிச்சம் எங்க வேலை" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். டூகல் அந்தப் பக்கம் திரும்பிச் சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடிக்கல் மட்டும் தகராறாயிற்று. கட்டடம் புரண்டதில் அது கரி அறைக் கதவுக்குப் பக்கத்தில் போய்விட்டது. மேயர் தனக்கு வடக்கு முகப்பில் புதுக்கல் வெட்டி வைத்துக்கொண்டார். கில்பர்ட் பெயரையும் அதில் வெட்டச் சொன்னார். அவன் மறுத்துவிட்டான். "என் பேரு நான் தப்பு பண்ணின பக்கத்துலயே இருக்கட்டும், ஐயா. ஊர்லேருந்து புதுசா வர்றவன் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்."

ஜூலையில் எஃபி வந்தாள். படகிலிருந்து இறங்கி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மேட்டைப் பார்த்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி: "ஏங்க, உங்க ஆஸ்பத்திரி ஏன் ஊருக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது?"

கில்பர்ட் என்னைப் பார்த்தான். நான் குழந்தையை வாங்கிக்கொண்டு, "அவன் சொல்லுவான், நீ முதல்ல சூடா ஏதாவது சாப்பிடு" என்றேன்.

அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் அவன் கட்டாதது என்ன! நாலு தேவாலயம், இரண்டு வங்கி, ஒரு பள்ளிக்கூடம், கம்பளிக் கிடங்குகள், மேட்டுத் தெருவில் பாதி வீடுகள். தெற்குக் கடற்கரை முழுக்க எந்த ஊரில் நல்ல கட்டடம் இருந்தாலும் அதில் அவன் கை இருக்கும். பேச்சில் அந்தப் பழைய நிச்சயம் குறையவே இல்லை, கஞ்சி உப்பு உட்பட. ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. புது மனைக்குப் போனால் முதல் வேலையாகத் திசைகாட்டியை எடுக்க மாட்டான். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, வருகிற பெண்ணிடம் தொப்பியைக் கழற்றிவிட்டு, "அம்மா, நீங்க துணி எங்க காயப் போடுறீங்க?" என்று கேட்பான். தெரியாதவர்கள் கதவை முகத்தில் சாத்தியதும் உண்டு. பெரிய வங்கி முதலாளிகள் வண்டியில் காத்திருக்க, இவன் கொல்லைப்புறத்தில் கொடிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பான். "பிறவி மேதை" என்று எழுதிய பத்திரிகைக்காரருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் எழுதியிருக்க மாட்டார்.

மேயர் டனட் 1881 குளிர்காலத்தில் நெஞ்சு வலியோடு அதே வார்டில்தான் படுத்தார். ஆறு வாரத்தில் எழுந்து வீட்டுக்கு நடந்து போனார். கில்பர்ட் பார்க்கப் போனபோது, "ஏய், வெயில் நல்லாத்தான்யா இருக்கு" என்றாராம்.

கில்பர்ட் 1894 ஜூனில் படுத்தான். ஒரு தேவாலயக் கோபுரத்துச் சாரத்தில் மழையில் நின்றதால் வந்த சளிக்காய்ச்சல். வடக்கு ஜன்னலை ஒட்டிய நாலாவது கட்டில். எஃபி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கடைசி நாள் பகலில் வெயில் அவன் போர்வையில் ஏறி நெஞ்சுக்கு வந்தது. கண்ணைத் திறந்தான்.

"டெனன்ட் அம்மா, துணி காயுதா?"

"காயுதுப்பா. நல்லா காயுது."

"அப்ப சரி" என்றான். அதைச் சொன்ன குரலிலும் சந்தேகம் இல்லை.

அடக்கம் முடிந்த பிறகு, அவன் பெயரை வடக்கு முகப்புக்கு மாற்ற ஊர் கூடியது. நானும் எஃபியும் வேண்டாம் என்றோம். போன வருஷத்திலிருந்து பெண்களுக்கும் ஓட்டு இருக்கிறது, வாயை மூடச் சொல்ல ஆள் இல்லை. அது கரி அறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, குளிர்காலத்தில் பகல் முழுக்க எழுத்தில் பனி படிந்திருக்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதைச் சொல்லிக்கொண்டிருப்பதே நான் அந்த ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டுதான். எழுபது வயதில் படியில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு மூன்று வாரமாகப் படுத்திருக்கிறேன். டாக்டர் நடப்பேன் என்கிறார், நடக்காமல் விடுவேனா! எந்தக் கட்டில் வேண்டும் என்று நர்ஸ் கேட்டாள். நாலாவது என்றேன். வெளியே இன்றைக்கும் திங்கட்கிழமை, உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் யாரோ துணி காயப் போடுகிறார்கள். பன்னிரண்டு மணி ஆகப் போகிறது. வெயில் என் கால்மாட்டுக்கு வந்துவிட்டது.